பக்கத்து மேசையின் நான்கு சொற்கள்

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நான் பழைய ஆபீசுக்குப் போக வேண்டியிருக்கிறது. இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்பதை அதிகாரியின் முன்னால் நின்று நிரூபித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பென்ஷன். போன தடவை போனபோது எங்கள் தந்தி அறை எனக்கே அடையாளம் தெரியவில்லை. எட்டு மேசைகளில் ஆறைக் காணோம். மூலையில் ஒரு புதிய இயந்திரம் தானாகவே எழுத்துகளைக் காகிதத்தில் அடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர் நிம்மதியாக வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

என்னை யாரென்று தெரிந்துகொண்டதும் மரியாதையாக எழுந்து நின்றார். இந்த இயந்திரத்துக்குக் காதே தேவையில்லை என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். நீங்களெல்லாம் காதால் கேட்டே எழுதினீர்களாமே, தப்பே வராதா என்றார். வராது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பச்சைப் பொய். முப்பது வருஷம் மற்றவர்களின் செய்தியை ஓர் எழுத்துப் பிசகாமல் கொடுத்தவன் என்ற பெயரைக் கிழவயதில் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய். அது உறுத்திக்கொண்டே இருப்பதால் உண்மையை இங்கே எழுதி வைக்கிறேன். ஆபீசின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி எல்லாம் நடந்தது நடந்தபடி.

நான் பினாங்குத் தீவிலேயே பிறந்தவன். அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும் கூட்டத்துக்குக் கங்காணி. பாதிரியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்ததால் என் முதுகு மூட்டைக்குத் தப்பியது. பத்தொன்பது வயதில் தந்தி ஆபீசில் சேர்ந்தேன். ஒரு வருஷம் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் மூன்று மாதம் கனவில்கூட டக்டக்கென்று கேட்டது, நாலாவது மாதம் அது பேச்சாகிவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் கருவிக்குச் சவுண்டர் என்று பெயர். சின்னப் பித்தளைச் சாமான். அதில் ஒரு கை இறங்கும்போது ஒரு தட்டு, ஏறும்போது ஒரு தட்டு. இரண்டு தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குட்டையா நெட்டையா என்பதை வைத்து எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் அறையில் இப்படி எட்டுக் கருவிகள். ஈப்போ ஒரு பக்கம், தைப்பிங் ஒரு பக்கம், அலோர் ஸ்டார் ஒரு பக்கம் என்று எட்டும் ஒரே நேரத்தில் தட்டும். ஜன்னலுக்கு வெளியே ரிக்‌ஷா மணி, மாட்டு வண்டி, துறைமுகத்தில் கப்பல் சங்கு. புதிதாக உள்ளே வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஒவ்வொருவனும் தன் கருவிக்குப் பின்னால் ஏதாவது ஒன்றைச் செருகி வைப்பான். நான் காலி சிகரெட் டின் ஒன்றை வைத்திருந்தேன். அதனால் என் சவுண்டர் கணீரென்று தகரக் குரலில் பேசும். பக்கத்து மேசைக்காரர் லிம் என்று ஒரு சீனர். அவர் தேயிலைப் பெட்டியின் பலகையை வைத்திருந்தார். அவருடையது தொண்டை கட்டியவன் பேசுவதுபோல அடங்கி ஒலிக்கும். எட்டுக் குரலில் தன் குரலைப் பிடித்துக்கொண்டு மற்ற ஏழையும் விட்டுவிட வேண்டும். தொழிலே அதுதான். கேட்பது பெரிய காரியமில்லை, கேட்காமல் இருப்பதுதான் காரியம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நல்ல கைக்காரன் காதில் விழுகிற சொல்லை உடனே எழுத மாட்டான். நான்கு சொல் பின்தங்கியே எழுதுவான். காது முன்னால் போய்க்கொண்டிருக்கும், கை நான்கு சொல் தள்ளிப் பின்னால் வரும். நடுவில் இருக்கும் நான்கு சொற்களை மனசு ஏந்திக்கொண்டிருக்கும். அப்போதுதான் எழுத்து குண்டுகுண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் வரும். ஒவ்வொரு தந்தியின் தலையிலும் அதில் எத்தனை சொல் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். எழுதி முடித்ததும் எண்ணிப் பார்ப்போம். எண்ணிக்கை சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டுத் தட்டில் வைத்துவிடலாம்.

சந்தேகம் வந்தால் அனுப்புகிறவனை இடைமறித்துத் திரும்பச் சொல்லச் சொல்லலாம். விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எங்கள் அறையில் அது மானப் பிரச்சினை. இடைமறித்தால் அந்த ஊர்க்காரன் தன் ஆபீசில் சொல்லிச் சிரிப்பான், பினாங்கில் யாரோ செவிடனை உட்கார வைத்திருக்கிறார்கள் என்பான். நான் பதினோரு வருஷமாக யாரையும் இடைமறித்ததில்லை. அதை நானே எல்லோரிடமும் சொல்லித் திரிவேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு ஏங்குகிறது. முப்பத்தைந்து நாற்பது வயதில் மேசையில் உட்கார்ந்து முதல் சொல் தட்டியதும் எனக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும். அதற்கப்புறம் உலகத்தில் என் கருவியும் நானும் மட்டும்தான். அந்த மாதிரி ஓர் அமைதியை நான் கோயிலில் முழங்காலில் நின்றபோதும் அடைந்ததில்லை. பாதிரியார் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார், படிக்கட்டும். வேலை முடிந்து வெளியே வந்தால்தான் பசி தெரியும், மழை பெய்திருப்பது தெரியும்.

எங்கள் அறைக்கு மேற்பார்வையாளர் லூர்துசாமி. என்னோடு ஒரே வருஷத்தில் சேர்ந்தவர். கருவியில் என்னைவிடக் கெட்டிக்காரர், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் திடீரென்று மேசையை விட்டுவிட்டு மேற்பார்வைப் பதவிக்கு மனுப் போட்டார். நாற்காலி ஆசை பிடித்துக் கருவியைக் கைவிட்டவர் என்று நான் அவரை மனசுக்குள் இளக்காரமாக நினைத்தேன். மனசுக்குள் மட்டுமல்ல, இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ரப்பர் அடி வைத்த சப்பாத்து போட்டிருப்பார். இடுப்பில் தொங்கும் சாவிக் கொத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் மேசைகளுக்கு நடுவே நடப்பார், ஒன்றோடொன்று மோதிக் கிணுங்கிவிடக் கூடாதென்று. யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் கை நிற்கும் வரை பின்னால் காத்திருப்பார். தப்புக் கண்டால் சிவப்புப் பென்சிலால் அடியில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு வார்த்தையும் எழுத மாட்டார். அந்தக் கோட்டைவிட நாலு திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். சாவியைப் பிடித்துக்கொண்டு பூனைபோல நடப்பதை நான் பின்னாலிருந்து நடித்துக் காட்டியிருக்கிறேன். லிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

எனக்கு ஐம்பது தாண்டியது. முதலில் மின்விசிறிதான் ஆரம்பித்தது. பல வருஷமாக என் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி. ஒருநாள் அது கீச்சிடுவது கேட்டது. எண்ணெய் விடச் சொன்னேன். விட்டார்கள். அப்புறமும் கேட்டது. லிம்மைக் கேட்டால், அது எப்போதும் அப்படித்தானே, இப்போதுதான் உனக்குத் தெரிந்ததா என்றார். பிறகு வெளியே காப்பிக்கடைக்காரன் கரண்டியால் குவளையில் தட்டுவது. பிறகு யாரோ நாற்காலியை நகர்த்துவது. ஒவ்வொன்றாக உள்ளே வர ஆரம்பித்தன. கதவு இருந்தது, சாத்தத்தான் முடியவில்லை.

காது மந்தமாகிறது என்று நினைத்து டாக்டரிடம் போனேன். அவர் என்னை முதுகு காட்டி நிற்கவைத்து, கடிகாரத்தை எடுத்துக்கொண்டு தூரத் தூரப் போனார். அறையின் அந்தக் கோடியிலிருந்தும் எனக்கு டிக்டிக் கேட்டது. காது ராஜா காது என்றார். செவிடு என்றால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம், அனுதாபமாவது கிடைக்கும். எனக்கு எல்லாமே கேட்டது, அதுதான் வியாதி என்று யாரிடம் சொல்வது?

வீட்டிலும் அப்படித்தான். மனைவி மார்த்தாள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டில் மலாய்க்காரக் கிழவி கோழிகளைக் கூப்பிடுவாள். இரண்டும் கலந்து எனக்கு ஒன்றும் விளங்காது. அவள் சொன்னதை விட்டுவிட்டு, கோழி எத்தனை என்று நான் சொல்லுவேன். வயசானால் மனுஷனுக்கு ஊர்வம்பு பிடித்துவிடுகிறது என்று அவள் கேலி செய்வாள். நானும் சிரிப்பேன். ஆபீசில் மட்டும் சிரிப்பு வரவில்லை. மாலையில் தலை கொதிக்கும். முன்பு தானாக நடந்ததை இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. அப்போதும் நான் யாரையும் இடைமறிக்கவில்லை. நான்கு சொல் பின்தங்கி எழுதும் பழக்கத்தையும் விடவில்லை. பெயர் என்னாவது?

அந்த நாள் வந்தது. மத்தியானம் ஒரு மணி இருக்கும். தைப்பிங்கிலிருந்து எனக்கு ஒரு தந்தி, ஏழு சொல். தந்திகளெல்லாம் இங்கிலீஷில்தான் வரும், இங்கே தமிழில் எழுதுகிறேன். பினாங்கிலேயே ஊர்க்கோடியில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் பாக்கியம் என்ற அம்மாளுக்கு. எழுதினேன், எண்ணினேன், ஏழு சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டுத் தட்டில் வைத்தேன். தந்திச் சேவகன் சைக்கிளில் எடுத்துப் போய்விட்டான். நான் எழுதியது இதுதான்: முத்தையா ஆபரேஷன் முடிந்தது காலமானார் அடக்கம் நாளை மாலை.

சாவுத் தந்தி எங்களுக்குப் புதிதில்லை. ஒரு சிலுவை போட்டுக்கொண்டு அடுத்ததை எடுத்தேன்.

நாலு மணிக்கு வேலை முடிந்து, காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தந்தி அடிப்பவன் தலையில் அன்றைக்குக் கேட்டது மறுபடி ஓடும். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள், எங்களுக்குக் காது. அந்த ஏழு சொல் ஓடியது. முதல் மூன்று சொல்லும் தகரக் குரலில் ஓடின. காலமானார், அடக்கம், நாளை, மாலை. இந்த நான்கும் கட்டைக் குரலில் ஓடின.

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அதே கட்டைக் குரல். அந்த நான்கும் என் கருவி சொன்னவை அல்ல, லிம்முடைய தேயிலைப் பலகை சொன்னவை. அதற்கு முன்னால் லிம்முக்கு என்ன வந்தது என்பதும் எனக்குத் தெரிந்தது. யாருக்கு, எந்தத் தெருவுக்கு, யாருடைய புருஷன், எல்லாம். நான் கேட்க விரும்பாத தந்தி முழுசாக எனக்குள் இருந்தது. என் கருவி சொன்ன கடைசி நான்கு சொல் மட்டும் இல்லை. மனசு ஏந்திக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் அடுத்தவன் சொற்களை ஏந்திக்கொண்டு வந்திருந்தேன், அதுவும் சரியாக நான்கு. எண்ணிக்கையும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்த எண்ணமும் வந்தது, மறைக்க மாட்டேன். அந்த அம்மாள் மறுநாள் தைப்பிங் போவாள், புருஷன் எப்படியிருக்கிறானோ அப்படிப் பார்ப்பாள், தந்தி ஆபீசை நாலு வார்த்தை திட்டுவாள். எனக்குப் பென்ஷனுக்கு மூன்று வருஷம்தான் இருந்தது. காப்பி ஆறும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். எழுந்து ஆபீசுக்கு ஓடினேன். அந்த வயதில் நான் ஓடுவதைப் பார்த்து ரிக்‌ஷாக்காரர்கள் சிரித்தார்கள்.

லூர்துசாமி மேசையில் இருந்தார். சொன்னேன். அவர் மூன்றே கேள்விதான் கேட்டார். எத்தனை மணிக்கு வந்தது, யார் கொண்டுபோனது, தைப்பிங்கைத் திரும்பக் கேட்டாயா? கேட்கவில்லை என்றேன். "போய்க் கேளு லா" என்று எங்கள் ஊர் இழுப்போடு சொன்னார். அவ்வளவுதான்.

மாலை முறைக்காரனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பச் சொல் என்று தட்டினேன். தைப்பிங்காரன் ஒன்றும் சிரிக்கவில்லை. தந்தி எண்ணைக் கேட்டான், திரும்பத் தட்டினான். இந்தத் தடவை நான்கு சொல் தள்ளி எழுதவில்லை. கன்றுக்குட்டி தாய்க்குப் பின்னால் போவதுபோல எழுத்துக்கு எழுத்து ஒட்டிக்கொண்டே எழுதினேன். முத்தையா ஆபரேஷன் முடிந்தது இனி பயமில்லை நாளை வரவும்.

லூர்துசாமி அதைப் படித்தார். சிவப்புப் பென்சிலை எடுக்கவில்லை. சைக்கிள் சேவகனை அனுப்பட்டுமா என்றார். வேண்டாம், நானே போகிறேன் என்றேன். தலையாட்டினார்.

டிராமில் ஏறினேன். ஆயர் ஈத்தாமுக்கு அதுவரை எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அவ்வளவு தூரம் என்று தெரியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிராம்காரன் மணியடித்து ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் தன் வாத்துக்கூடையை ஏற்றுவதற்காக டிராமே காத்திருந்தது. வாத்துகள் கத்தின, சக்கரம் கிறீச்சிட்டது, இரண்டு பேர் மீன் விலை பேசினார்கள். எல்லாம் எனக்குக் கேட்டன. எதையும் வெளியே நிறுத்த முடியாமல் மடியில் அந்தக் காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாக்கியம் ஆயர் ஈத்தாம் சந்தையில் காய்கறி விற்கிறவள். புருஷன் முத்தையா தைப்பிங்கில் ரயில் பாதை வேலை. சந்தையில் பெயர் சொன்னதுமே எல்லோரும் ஒரு சந்துப் பக்கம் கை காட்டினார்கள். வீட்டைக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒப்பாரி சத்தம் வழிகாட்டியது.

வாசலில் ஆண்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சாக்கடை ஓரத்தில் கனகாம்பரச் சரம் ஒன்று கிடந்தது. உள்ளே பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாரடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் முப்பது வயதுப் பெண், தலைமுடி அவிழ்ந்து, தொண்டை கட்டி, அழுகை ஓய்ந்து சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் கண்ணாடி வளையல் துண்டுகள். மணிக்கட்டில் ரத்தக் கீறல். கழுத்தில் தாலி இருந்தது. அதை நாளைக்குப் பிணத்தின் முன்னால்தான் என்று யாரோ பெரியவள் சொல்லி நிறுத்தி வைத்திருந்தாளாம்.

நான் தந்தி ஆபீஸ் ஆள் என்றேன். அவளுடைய அண்ணன் எழுந்து வந்தார். அவரிடம் சொல்வதா அவளிடம் சொல்வதா என்று யோசிக்கவேயில்லை, நேராக அவளிடமே சொன்னேன். அம்மா, உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, தந்தியை நான்தான் தப்பாக எழுதிவிட்டேன். இவ்வளவையும் நின்றுகொண்டே சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒப்பாரி நின்றது. யாரும் சந்தோஷப்படவில்லை. அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அண்ணன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். காகிதத்தைக் காட்டினேன். இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் வாசலிலிருந்து வந்து படித்துச் சொன்னார். அப்புறம்தான் அண்ணன் என் சட்டையை விட்டார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரில் ஒரு குத்துக் குத்தினார்.

பாக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப செத்தது யாருங்க?"

ஒருவருடைய தந்தியை இன்னொருவரிடம் சொல்வதில்லை என்று வேலையில் சேரும்போது சத்தியம் செய்தவர்கள் நாங்கள். எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது என்றேன்.

"பேரு வேணாம். அங்க ஒரு பொம்பள இருக்காளா?"

இருக்கிறாள் என்று தலையாட்டினேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தாள். உன் புருஷன்தான் இருக்கிறானே, எதற்கடி அழுகிறாய் என்று ஒரு கிழவி அவளை உலுக்கினாள். எனக்குப் புரிந்தது. அந்த வீட்டுக்குப் போய் இப்படி ஒருவன் சொல்லப்போவதில்லை.

திரும்பி வந்தபோது லூர்துசாமி வீட்டுக்குப் போகாமல் எனக்காகக் காத்திருந்தார். அறிக்கை எழுதிக் கொடுத்தேன். கருவியிலிருந்து என்னை எடுத்துவிடும்படி அதிலேயே கடைசி வரியாக எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு அதை மடித்து வைத்தார். பிறகு விசிறி கேட்கிறதா என்றார். எண்ணெய் விட்ட பிறகும் விசிறி கேட்கிறது என்று நான் லிம்மைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

"எனக்கு நாப்பத்தேழுல வந்துச்சு. மொதல்ல சுவர்க் கடிகாரம். அப்புறம் எல்லாம். ஒருநாள் ஒரு பேர மாத்தி எழுதிட்டேன், நல்லவேளை கையெழுத்துப் போடறதுக்குள்ள பாத்துட்டேன். அதான் எந்திரிச்சேன். நாற்காலி ஆசைன்னு நீங்கள்லாம் பேசுனது எனக்குத் தெரியும்."

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வெக்கம்தான், வேறென்ன? சொல்லியிருந்தா நீ இன்னிக்கு அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டாம். இந்தத் தப்புல பாதி என்னோடது."

பாம்பின் கால் பாம்பறியும் என்பது சரிதான். ஆனால் இரண்டு பாம்பும் தங்கள் காலை ஒளித்துக்கொண்டே இத்தனை வருஷம் திரிந்திருக்கிறோம். அவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததை நான் நடித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து முன்பக்க ஜன்னலில் தந்திப் படிவம் வாங்கும் வேலை எனக்கு. மேலிடத்திலிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அது நியாயமானதுதான்.

அந்த மறுநாள் காலை, ஜன்னல் திறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றது பாக்கியம். கையில் துணிமூட்டை, பக்கத்தில் அண்ணன். கையில் புது வளையல், யாரோ அவசரத்துக்குக் கொடுத்தது, அளவு பெரிதாக இருந்தது. பத்து மணிக்குப் படகேறி, ரயில் பிடித்துத் தைப்பிங் போகிறார்கள். அதற்கு முன்னால் புருஷனுக்கு ஒரு தந்தி அடிக்க வேண்டும் என்றாள். சாயங்காலம் நீங்களே போய்ச் சேர்ந்துவிடுவீர்களே, எதற்குத் தந்தி என்றேன். அவள் அண்ணனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"நேர்ல பாத்தா எனக்கு வாய் வராதுங்க ஐயா. சாப்டீங்களான்னுதான் கேப்பேன். நான் போறதுக்கு முந்தி இது அவருக்குப் போயிடணும்."

சொல்லுங்கள் என்று பென்சிலை எடுத்தேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நீங்க செத்துட்டீங்கன்னு நேத்து அழுதேன். உங்களுக்காக வச்சிருந்த அழுகைய எல்லாம் அழுது முடிச்சிட்டேன். இன்னொரு தடவ அழ எனக்குத் தெம்பு இல்ல. எனக்கு முந்திப் போகாதீங்க."

தந்தி என்றால் நாலைந்து சொல்லில் சுருக்குவோம். சுருக்கித் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. இங்கிலீஷிலும் மாற்றவில்லை. அவள் சொன்ன தமிழை அப்படியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். லூர்துசாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்தார். வாழ்நாளில் ஒரு விதியைக்கூட மீறாத மனுஷன், அதன் தலையில் சிவப்புப் பென்சிலால் ஆபீஸ் செய்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படியென்றால் அந்த அம்மாள் ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

"நீயே அனுப்பு. கேக்கறதுதானே போச்சு, கை போகலையே" என்றார்.

என் பழைய மேசைக்குப் போனேன். லிம் எழுந்து நாற்காலியை எனக்காக நகர்த்திக் கொடுத்தார். உட்கார்ந்து தைப்பிங்கைக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவனுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். முதல் வரி முடிந்ததுமே இடைமறித்தான், திரும்பச் சொல் என்றான். திரும்பச் சொன்னேன். அதற்கப்புறம் அவன் மறிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் தட்டியதில்லை. எனக்கு முந்திப் போகாதீங்க என்பது வரை தட்டி முடித்துக் கையை எடுத்தேன். பிறகு கிடைத்தது என்று தட்டினான்.

அன்றைக்கு அந்த அறையில் எட்டுக் கருவிகளும் வேலை செய்துகொண்டிருந்தன. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் கிளம்புவதற்காகச் சங்கு ஊதிக்கொண்டிருந்ததாம். படகுக்கு நேரமாகிவிட்டது, அந்த அம்மாள் போக வேண்டும், அனுப்பியாயிற்றா என்று லூர்துசாமி என் பின்னால் நின்று இரண்டு தடவை கேட்டாராம். லிம்தான் அப்புறம் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.